சின்னக்கல் மறையும் இடம்

புதிதாகக் காணி வேலைக்கு வந்த உங்களில் சிலர் படுவான்கரைக்கு நியமனம் என்றதும், இடமாற்றத்துக்கு யாரைப் பிடிக்கலாம் என்று விசாரித்ததாகக் கேள்விப்பட்டேன். எனக்குக் கோபமில்லை. காணி உத்தியோகத்தராக எனக்கு முதல் நியமனம் வந்தபோது என் வீட்டிலும் ஒப்பாரி வைக்காத குறைதான். நாவற்குடாவில் பிறந்து வளர்ந்தவளுக்கு வாவியின் அந்தப் பக்கம் என்றால் யானை, வெள்ளம், தூசி. அதற்குமேல் ஒன்றும் தெரியாது. இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறேன். கடல் இருப்பது கூப்பிடு தூரத்தில். ஆனால் நினைவில் அடிக்கடி வருவது அந்தப் பக்கம்தான்.

முதலில் நிலத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். வாவியின் ஒரு கரையில் சூரியன் எழுகிறது, அது எழுவான்கரை. மறுகரையில் படுகிறது, அது படுவான்கரை. அங்கே வட்டை வட்டையாக வயல்கள், கண் எட்டும் தூரம் வரை நெல். வெல்லாவெளியைத் தாண்டி மேற்கே போகப் போக வயல் குறைந்து, காடெரித்துப் பயிரிடும் சேனையும் பற்றைக்காடும் தொடங்கி, கடைசியில் மலை வரும். மலை என்றதும் நுவரெலியாவை நினைத்துக் குளிராடை எடுத்துப் போகாதீர்கள். தேயிலையும் இல்லை, பனியும் இல்லை. தட்டையான நிலத்தில் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனதுபோல நிற்கும் கருங்கல் அது. மாரியில் அந்தக் கல்லில் விழும் தண்ணீர் வழிந்து மடுக்களுக்கும் குளங்களுக்கும் போகிறது. அங்கிருந்து வயலுக்கு, வயலிலிருந்து வாவிக்கு. கோடையிலும் தண்ணீர் வற்றாத இடம் பார்த்துத்தான் மனிதர்கள் அந்தக் கற்களின் அடியில் குடியிருந்தார்கள். மடு, குளம், வெளி என்று முடியும் ஊர்ப்பெயர்கள் எல்லாம் அப்படி வந்தவை.

அந்த ஊர்களின் வரலாற்றில் அரசனும் இல்லை, கோட்டையும் இல்லை. வயல் வேலைக்குக் கரையிலிருந்து போய் அங்கேயே தங்கிவிட்டவர்களும், தேன் எடுத்து வேட்டையாடி ஏற்கெனவே அங்கு இருந்தவர்களும் கொண்டு கொடுத்துக் கலந்து ஊரானார்கள். பிறகு யுத்தம் வந்தது. ஓடினார்கள், திரும்பி வந்தார்கள், மறுபடியும் ஓடினார்கள். ஆள் இல்லாத ஊருக்குள் காடு மெல்ல வந்து குடியேறியது. நாளைக்கு நீங்கள் போய் நிற்கப்போவது அந்தக் காட்டில்தான். இது காடு, இதைத் தொடாதே என்று ஒரு தரப்பு சொல்லும். இது எங்கள் ஊர் என்று மற்றத் தரப்பு சொல்லும். இரண்டும் உண்மையாக இருக்கும். இடையில் பொய்க்காரர்களும் வருவார்கள். என்ன சொல்வது என்று தெரியாமல் நடுவில் நிற்பது நீங்கள்தான்.

வம்மிமடு என்ற ஊரில் எனக்கு அப்படி ஒரு பின்னேரம் வாய்த்தது.

அந்த ஊருக்கு மேற்கே இரட்டைக்கல் என்ற மலை இருக்கிறது. பெரியகல், சின்னக்கல் என்று இரண்டு முகடுகள். அந்த மலையைச் சுற்றிய காட்டுக்கு எல்லைக்கல் நாட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. வம்மிமடு மக்கள் யுத்தத்தில் வெளியேறி வெல்லாவெளியிலும் கரையோரத்திலும் உறவினர் வீடுகளில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். காணிப் பத்திரங்கள் ஓட்டத்தில் போய்விட்டன. ஊர் இருந்ததற்குச் சாட்சியாக மனிதக் கை கட்டிய ஏதாவது ஒன்றை நிலத்தில் காட்டினால், எல்லைக்கல் ஊருக்குப் பின்னால் மலையடிக்குத் தள்ளி நாட்டப்படும். காட்டாவிட்டால் அடுத்த நாள் காலையில் ஊர் முழுவதும் காட்டு எல்லைக்குள் போய்விடும். அதைப் பார்த்து முடிவு செய்யும் கூட்டுப் பரிசோதனைக்குக் காணித் தரப்பில் நான் போனேன்.

அந்த ஊர்க்காரர்களில் யோகம்மா என்ற பெண்ணை எனக்கு முன்பே தெரியும். ஐம்பது வயதைத் தாண்டியவர். எங்கள் அலுவலகத்து வாங்கில் அவர் உட்காராத கிழமை இல்லை. ஒரே மகள் நிரோஜா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். இடம்பெயர்ந்த இடத்தில் பிறந்த பிள்ளை, வம்மிமடுவைக் கண்ணால் கண்டதில்லை.

"மிஸ், புள்ள கிறுகி வரக்குள்ள அவளுக்கெண்டு ஒரு வளவு இருக்கணும்" என்பார் யோகம்மா. "என்ட உம்மா... இல்ல, கரையில இருந்து காத்தான்குடி முஸ்லிம் ஆக்கள் செல்லுறாப்போல நானும் செல்லுறன் பாருங்க. என்ட அம்மா எனக்குத் தந்தவ. நான் என்ட புள்ளைக்குக் குடுக்காட்டி அவள் ஆருட வாசலில போய் நிக்கிற?"

சிரித்துக்கொண்டுதான் தொடங்குவார். முடிக்கும்போது சிரிப்பு இருக்காது. இங்கே வீடும் வளவும் தாயிடமிருந்து மகளுக்குப் போகும். வீடில்லாத பெண்ணுக்குக் கலியாணம் பேசுவது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அன்று மதியத்துக்குப் பிறகு, புதிதாகப் போட்ட கிரவல் வீதியில் ஊர்க்காரர் ஆணும் பெண்ணுமாக எல்லோரும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏறி மலைப்பக்கம் போனோம். காட்டு எல்லை பார்க்க வந்த அதிகாரி பதுளைப் பக்கத்தவர், சிங்களவர், தமிழ் ஓரளவு பேசுவார். கெட்ட மனிதர் இல்லை. மரம் வெட்டி மொட்டையாக்கிய மலை ஒன்று அயல்வீட்டின் மேல் சரிந்ததைச் சிறுவயதில் கண்டவர். காடு என்றால் அவருக்கு உயிர். ஆனால் வேறொரு இடத்தில் நகரத்திலிருந்து ஆட்களை இறக்கி 'எங்கள் பூர்வீக ஊர்' என்று சொல்ல வைத்து அவரை ஒருமுறை ஏமாற்றியிருந்தார்கள். சூடு பட்ட மனிதர். எதையும் எளிதில் நம்பத் தயாராக இல்லை.

யானை நடமாடும் இடம் என்பதால் பெண்களை வீதியோரம் பெட்டியிலேயே இருக்கச் சொல்லிவிட்டு ஆண்கள் காட்டுக்குள் இறங்கினார்கள். நானும் அதிகாரியும் யானை விரட்டும் வெடியோடு வந்த காவலாளரும் பின்னால் போனோம். யோகம்மாவின் கணவர் கணபதிப்பிள்ளை முன்னால் நடந்தார். அவருடன் யோகம்மாவின் தம்பி சிவலிங்கம், இன்னும் சில ஆண்கள்.

"இந்தா இஞ்சதான் சேர், மாமிட கிணறு" என்று கணபதிப்பிள்ளை ஒரு பற்றையைக் காட்டினார். வெட்டிப் பார்த்தார்கள். கறையான் புற்று.

"இல்ல மச்சான், கிணறு ரோட்டுக்கு வலப்பக்கமெல்லோ" என்றார் சிவலிங்கம்.

"எந்த ரோட்டு? இது புது ரோட்டு. பழைய ரோட்டு அங்கால கிடந்த."

"அங்கால கிடந்தது வண்டில் பாதை."

"நீ சின்ன வயசில வெளிக்கிட்டவன், உனக்கென்ன தெரியும்? மாமிட கிணத்துக்கு முன்னால கோயில்."

"கோயில் பின்னால."

இன்னொருவர் தன் மாமியின் வளவு என்று வேறொரு திசையைக் காட்டினார். அங்கும் வெட்டினார்கள், அங்கும் ஒன்றுமில்லை. வெயில் சாயத் தொடங்கியது. ஆண்களின் குரல் ஏறிக்கொண்டே போனது. மண்வெட்டியை எறிந்துவிட்டுச் சண்டைக்கு நிற்கும் நிலை.

அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மிஸ், சொந்த வீடு எங்க இருந்தது எண்டு தெரியாத மனுசர் இருக்கா? இவங்க இந்த ஊர் ஆள் இல்ல."

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். அந்த நேரம் பார்த்து என் மேலதிகாரியிடமிருந்து தொலைபேசி. "இன்னும் என்ன செய்யிறீங்க? யானை இறங்குற நேரம். முடிச்சிட்டு வாங்க." அவர் சொன்னதும் சரிதான். மடுவுக்குத் தண்ணீர் குடிக்க யானைகள் இருட்டுமுன்பே வந்துவிடும். இத்தனை பேரை அங்கே வைத்துக்கொண்டு ஒன்று நடந்தால் யார் பதில் சொல்வது?

இப்படி நாலு பக்கமும் நெருக்கும்போது மனிதர் செய்வது ஒன்றுதான். வேலையை முடித்துவிட வேண்டும் என்று தோன்றும். முடிப்பதற்கு எந்த முடிவு கிட்டே கிடக்கிறதோ அதை எடுத்துவிடத் தோன்றும். அன்று கிட்டே கிடந்த முடிவு, 'ஊர் இருந்ததற்கு அடையாளம் இல்லை' என்பதுதான். எழுதிவிட்டு ஏறியிருந்தால் எங்களை யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

நான் ஏறாமல் நின்றதற்குக் காரணம் அந்தச் சண்டைதான். காதைத் தீட்டிக்கொண்டு அதைக் கேட்டேன். ஒவ்வொருவரும் மனைவியின் தாயை வைத்தே, மாமியின் கிணறு, மாமியின் வளவு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட என் வீடு என்று சொல்லவில்லை. சொல்ல முடியாது. வீடு மகளுக்கு என்றால் மாப்பிள்ளை வெளியிலிருந்து வந்து குடியேறியவர். கணபதிப்பிள்ளை வாகரையில் பிறந்தவர், கலியாணம் முடித்து வம்மிமடுவுக்கு வந்து கொஞ்சக் காலத்திலேயே ஊர் ஓடத் தொடங்கிவிட்டது. இருந்த காலத்திலும் பகலெல்லாம் வயலில். சிவலிங்கம் அந்த ஊரில் பிறந்தவர், ஆனால் இளவயதிலேயே பெண் எடுத்து வேறு ஊருக்குப் போய்விட்டார். காட்டுக்குள் நின்ற ஆண்கள் எல்லோரும் ஒன்றில் வந்தவர்கள், அல்லது போனவர்கள். அதே வளவில் பிறந்து, வளர்ந்து, கலியாணம் முடித்துப் பிள்ளை பெற இருந்தவர்கள் வீதியோரம் பெட்டியில் உட்கார்ந்திருந்தார்கள்.

எங்கள் அறிவித்தலில் 'குடும்பத் தலைவர்கள் சமுகமளிக்க வேண்டும்' என்று வழக்கம்போல இருந்தது. தலைவர்கள் சமுகமளித்துவிட்டார்கள், வீட்டுக்கு உரியவர்களை வெளியில் நிறுத்திவிட்டு. என் அம்மா எனக்குத் தந்த வீட்டில் இன்றைக்கும் குடியிருக்கும் நான் உட்பட, அங்கிருந்த யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

"பெண்களைக் கேட்க வேணும்" என்றேன் அதிகாரியிடம்.

"கூட்டிட்டு வந்தா அவங்களும் சேர்ந்து சண்டை போடுவாங்க, மிஸ்" என்றார்.

அதுவும் உண்மைதான். உள்ளே கூட்டி வந்தால் கணவர் பக்கம் ஒருத்தி, தம்பி பக்கம் ஒருத்தி என்று சேர்ந்துவிடுவார்கள். அவர்கள் சரியான இடத்தைக் காட்டினாலும் நான் சொல்லிக் கொடுத்தேன் என்ற பேச்சு வரும். ஆகவே அவர்களைப் பெட்டியடியிலேயே, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்காமல், அதிகாரியின் முன்னால் கேட்பது என்று முடிவு செய்தேன். ஆனால் எதைக் கேட்பது? வீதி மாறிவிட்டது. கோயில் இல்லை. மரங்கள் எல்லாம் புதியவை. பொய் சொல்பவர் முன்கூட்டியே தயாரிக்க முடியாத கேள்வியாக இருக்க வேண்டும். உண்மை சொல்பவருக்கு யோசிக்கத் தேவையில்லாததாகவும் இருக்க வேண்டும். வீதிக்கு நடந்து வரும்போது அதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பற்றை விலகிய இடத்தில் நிமிர்ந்து பார்த்தால் எதிரே மலை. அந்த நிலத்தில் யாராலும் அசைக்க முடியாமல் அப்படியே இருந்தது அது ஒன்றுதான்.

யோகம்மாவை முதலில் இறக்கினோம். மலைக்கு முதுகு காட்டி நிற்கச் சொன்னேன்.

"காலையில முத்தம் கூட்டக்குள்ள மலை எப்பிடித் தெரியும், யோகம்மா?"

அவருடைய வலக்கை தானாகக் கொஞ்சம் கீழே இறங்கியது, முற்றம் கூட்ட விளக்குமாறு பிடிப்பதுபோல.

"சின்னக்கல் தெரியாது மிஸ். பெரியகல் அத மறைச்சிரும். சமைக்கிற குசினி வாசலுக்கு வந்தா ஓரத்தில மூக்கு மாதிரிக் கொஞ்சம் தெரியும். முத்தத்துக்குப் போனா மறுகா மறைஞ்சிரும்."

அடுத்து அயல் வளவுக்காரி தங்கப்பிள்ளையை இறக்கினோம். யோகம்மா சொன்னது அவருக்குத் தெரியாது.

"எங்கட வளவில ரெண்டு கல்லும் தெரியும். நடுவால வானம் தெரியும்" என்றார். கேட்காமலே சிரித்தும்விட்டார். "யோகம்மாட வளவில ஒரு கல்லுத்தான் தெரியும் மிஸ். நாங்க சின்னப்புள்ளையில அதச் செல்லித்தான் அவளை நக்கலடிக்கிற. உங்களுக்கு ஒரு கல்லுத்தானே, எங்களுக்கு ரெண்டெண்டு. அவள் அழுதுபோட்டு அம்மாட்டப் போவாள்."

நான் அதிகாரியைப் பார்த்தேன். மலைநாட்டில் பிறந்தவருக்கு விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. வீதியில் தெற்கு நோக்கி நடக்கத் தொடங்கினார், கண் மலைமேலேயே. நாங்களும் நடந்தோம். நடக்க நடக்கச் சின்னக்கல் பெரியகல்லை நோக்கி நகர்ந்தது. இடைவெளி ஒடுங்கியது. பிறகு சின்னக்கல்லின் பாதி போனது. ஓரிடத்தில் முழுவதும் மறைந்தது. அவர் அங்கே நின்றார்.

"இந்த நேர் கோட்டில அந்த வீடு இருக்க வேணும்" என்றார்.

"இதில கிறுகி மலைப்பக்கம் போனா வாய்க்கால் வரும். வாய்க்காலைத் தாண்டினா எங்கட வளவு" என்றார் யோகம்மா.

அவரை உள்ளே விடுவதா என்பது என் பொறுப்பு. யானைவெடி வைத்திருந்த காவலாளரை முன்னால் விட்டு, அவருக்குப் பின்னால் யோகம்மா, அதன் பின்னால் நாங்கள் என்று போனோம். மற்ற எல்லோரையும் பெட்டியில் ஏற்றி, இயந்திரத்தை இயக்கியபடி வைத்திருக்கச் சொன்னேன். பற்றைகளுக்கு மேலால் பெரியகல் மட்டும் தெரிந்துகொண்டிருக்கும்படி பார்த்துப் பார்த்து நடந்தோம். தூர்ந்துபோன வாய்க்கால் ஒரு பள்ளமாகத் தெரிந்தது. அதைத் தாண்டியதும் யோகம்மா காவலாளரை முந்திக்கொண்டு போனார். கூப்பிட்டும் நிற்கவில்லை. கொடி மூடிக் கிடந்த ஒரு மேட்டில் கையை விட்டுக் கொடியை இழுத்தார். சீமெந்து வளையம் இறக்கிய கொட்டுக்கிணற்றின் விளிம்பு வந்தது. பாசி பிடித்து, வாய் வரை மண் நிரம்பி, உள்ளே ஒரு வம்மி மரக்கன்று முளைத்திருந்தது.

அதிகாரி குனிந்து அந்தச் சீமெந்து விளிம்பைத் தடவிப் பார்த்தார். யோகம்மா அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. பற்றையில் ஒரு பிடி குச்சிகளை முறித்துக் கட்டி, கிணற்றடியில் உதிர்ந்து கிடந்த சருகைக் கூட்டத் தொடங்கினார். அவ்வளவு அவசரத்திலும் எங்களுக்கு 'போதும் வாங்க' என்று சொல்ல வாய் வரவில்லை. ஒரு பாய் விரிக்கும் அளவு நிலம் வெளித்தது. அவர் நிமிரும்வரை அதிகாரி பேனையை எடுக்கவில்லை.

வீதிக்கு வந்ததும் அதிகாரி வளவு யார் பெயரில் என்று கேட்டார். கேட்டது கணபதிப்பிள்ளையிடம். பின்னேரம் முழுவதும் கத்திய மனிதர் மெதுவாகச் சொன்னார்: "அவட பேரைப் போடுங்க சேர். நான் இஞ்ச வந்தவன்தானே."

எல்லைக்கல் மலையடியில் நாட்டப்பட்டது. அந்த அதிகாரியே நின்று நாட்டுவித்தார். இதுவரை சொன்னதோடு நிறுத்தினால் நல்ல கதையாக இருக்கும். ஆனால் நீங்கள் வேலைக்கு வந்தவர்கள், மிச்சத்தையும் கேட்க வேண்டும். நிலம் ஊருக்கு என்று தீர்ந்த பிறகும் அனுமதி, வீதி, தண்ணீர், மின்சார வேலி என்று ஆண்டுகள் போயின. யோகம்மாவுக்குச் சிறுநீரகம் பழுதானது. கடைசியாக ஆஸ்பத்திரியில் பார்த்தபோதும், "மிஸ், எப்ப ஊருக்கு விடுவாங்க?" என்றுதான் கேட்டார். நான் "கெதியில" என்றேன். விரைவில் என்ற அந்தச் சொல்லை அலுவலகத்தில் எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அவருக்குச் சொன்னதுதான் வலிக்கிறது. ஊர் திறக்குமுன் அவர் போய்விட்டார்.

போன வருடம் ஒரு தொலைபேசி அழைப்பு. "மிஸ், நான் யோகம்மாட மகள் நிரோஜா. வீட்டுக்கு நிலை வைக்கப் போறம். ஒருக்கா வருவீங்களா?"

போனேன். வம்மிமடு இப்போது வெளியாகக் கிடந்தது. காடு வெட்டிய டோசர் மேடு பள்ளம் எல்லாவற்றையும் ஒன்றாக்கியிருந்தது. யானைக்குட்டியோ பிள்ளைகளோ விழுந்துவிடும் என்று பழைய கிணறுகளையும் மூடிவிட்டிருந்தார்கள். யோகம்மாவின் வளவு அவர் மகளுக்கே எழுதப்பட்டிருந்தது. ஆனால் அந்த வளவுக்குள் வீடு எங்கே இருந்தது என்று சொல்ல ஆளில்லை. கணபதிப்பிள்ளை மரநிழலில் உட்கார்ந்திருந்தார். "எனக்கு இடம் மட்டுத்தெரியல்ல மிஸ்" என்றார். தங்கப்பிள்ளை கரையோரத்தில் மகள் வீட்டோடு தங்கிவிட்டார்.

நிலைக்கதவின் மரம் சந்தனம் குங்குமம் பூசித் தயாராக இருந்தது. மேசன் கையில் கயிற்றோடு நின்றார். "எங்கயெண்டாலும் வைக்கலாம் மிஸ். ஆனா அம்மா வைச்ச இடத்தில வைக்கணுமெண்டு ஆசையா இருக்கு" என்றாள் நிரோஜா. கண்கள் அப்படியே தாயின் கண்கள்.

"மலையைப் பார்த்துக்கொண்டு நட புள்ள" என்றேன். "சின்னக்கல் முழுக்க மறையக்குள்ள செல்லு."

அவள் பக்கவாட்டில் மெல்ல மெல்ல நடந்தாள்.

"இன்னும் தெரியுது... இன்னும் கொஞ்சம் தெரியுது... இப்ப இல்ல மிஸ்."

"அது உன்ட அம்மாட முத்தம். இப்ப வந்த வழியால கொஞ்சம் கிறுகி வா. மூக்கு மாதிரித் தெரியுதா?"

அவள் நின்றுவிட்டாள்.

"தெரியுது மிஸ்."

"அதுதான் குசினி வாசல்."

கீழே கிடந்த ஒரு தடியை எடுத்து அவள் அந்த இடத்தில் ஊன்றினாள். எல்லைக்கற்களைச் சரிபார்த்த பழக்கதோஷம், நான் போய்க் கை வைத்து அசைத்துப் பார்த்தேன். இறுகி நின்றது.